நடுக்கடலில் திரும்பிய படகுகள்

சம்போவாங்கா
மார்ச் 12, 2006

மைதா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலமாக இருக்கிறேன். நீயும் ஹஷிம் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணன் மறுபடி கடற்பாசி கட்டப் போகிறாரா, இல்லை இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறாரா? அண்ணியும் வயிற்றுப் பிள்ளையும் படகிலேயே போய் அடுத்த மாதம் ஒரு வருடம்.

நான் சொன்ன மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறேன். ஐந்து வருடம். முடித்தால் மருத்துவப் பட்டமும் பொதுச் சுகாதாரப் பட்டமும் சேர்ந்து கிடைக்கும். கூட வேலை செய்யும் நர்ஸுகள் கேலி செய்கிறார்கள். "ஒரு பட்டத்துக்கே எல்லாருக்கும் முடி கொட்டுது. உனக்கு ரெண்டு கேக்குதா?" என்கிறாள் ஒருத்தி. விண்ணப்பத்தில் ஒரே ஒரு பெரிய கேள்வி: ஏன் இரண்டும்? அண்ணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துவிட்டேன். அவள் சாவைக் காட்டி இடம் வாங்கக் கூச்சமாக இருந்தது. ஊருக்கு டாக்டர் இல்லை என்று மட்டும் எழுதினேன்.

படித்து முடித்து ஊருக்கே திரும்புவேன் என்று ஊர்த் தலைவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும். அது இல்லாமல் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். உதவித்தொகையும் அதை நம்பித்தான். 31ஆம் தேதிக்குள் வேண்டும். தேர்தலில் அப்பா எதிர்த்து நின்றதைத் தலைவர் ஹாஜி பஸீரன் மறந்திருப்பாரா? கேட்டுப் பார்.

உன் தங்கை,
ஷிதா

*

பங்கூலான்
மார்ச் 24, 2006

அன்புள்ள ஷிதாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். அண்ணன் நேற்று கடலுக்குப் போனான். ஒரு கயிறுதான் கட்டினான். அதுவே போதும்.

ஒப்புதல் கடிதம் இதோடு இருக்கிறது. முத்திரையும் வைத்தாயிற்று. படகில் நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டிருக்கிறேன்.

தலைவர் நல்ல மனநிலையில் இருக்கிறார். 'நலமான தீவு' விருது மூன்றாவது முறையாக நமக்கே வந்திருக்கிறது. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் பலகையை மாட்டி, அதற்கு மேல் தகரக் கூரைகூடப் போட்டுவிட்டார். கையெழுத்துப் போடும்போது, "உன் தங்கச்சி டாக்டரானா எனக்கு வலிக்காம ஊசி போடுவாளா?" என்றார். "உங்களுக்குன்னா ரெண்டா போடுவா, ஹாஜி" என்றேன். சிரித்தார்.

நன்றாகச் சாப்பிடு. மாதக் கடைசி, சுகாதாரப் படிவத்தை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நிறுத்துகிறேன்.

மைதா

*

சம்போவாங்கா
ஜூலை 2, 2006

மைதா அக்காவுக்கு,

ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குத் தூக்கம்தான் போதவில்லை.

இடம் கிடைத்ததை வானொலியில் சொல்லச் சொன்னேனே, கேட்டீர்களா? வகுப்பு தொடங்கி மூன்று வாரம். எங்களுக்குக் காலையில் ஒரு நோயாளியின் கதையைக் கொடுப்பார்கள். காய்ச்சல், வலி, எத்தனை நாளாக, என்ன மருந்து. மதியம் அதே நோயாளியை அவர் ஊரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஊரில் இன்னும் எத்தனை பேருக்கு இது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். இந்த மதிய வகுப்பைத்தான் பலர் தூங்கிக் கழிக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கிறது. யாருமே தனியாக நோய்ப்படுவதில்லை என்று இவ்வளவு நாள் எனக்கு யாரும் சொன்னதில்லை.

என் குழுவில் ஜெஸ்ரல் என்று ஒரு நகரத்துப் பையன். மரவள்ளிப் புட்டைச் சோப்புக்கட்டி என்று நினைத்து முகர்ந்து பார்த்தான். அப்புறம் என் பங்கையும் தின்றான்.

ஷிதா

*

சம்போவாங்கா
ஆகஸ்ட் 19, 2006

மைதா அக்காவுக்கு,

ஸலாம். நலம்தானே?

இன்று மதிய வகுப்பில் பேராசிரியர் திரையில் ஓர் அட்டவணை போட்டார். மாவட்டத்தின் எல்லாத் தீவுகளும் அதில் இருந்தன. ஆறு வருடத்தில் ஒரு பேறுகால மரணம்கூட இல்லாத ஒரே தீவு என்று ஒன்றைச் சுட்டினார். பங்கூலான். "டாக்டரும் இல்ல, மருத்துவச்சியும் இல்ல. ஆனா பூஜ்யம். எப்படி முடிஞ்சது? யோசிங்க" என்றார். யாரோ, "இது ஷிதாவோட ஊரு சார்" என்றார்கள். வகுப்பே எனக்குக் கை தட்டியது.

நான் எழுந்து நின்றேன், அக்கா. தட்டுகிறார்களே என்று நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். மர்வினா அண்ணி மட்டுமே அந்த அட்டவணையை உடைக்கப் போதும். அவளை எங்கே வைத்தார்கள்? யார் அந்தப் பூஜ்யத்தை எழுதியது?

இன்னொன்றும் கேள். மாவட்டம் ஒரு தீவுக்குப் பேறுகால நிலையம் கட்டப் போகிறது. இரண்டு மருத்துவச்சிகள், மாதத்தில் பத்து நாள் டாக்டர், சொந்தப் படகு. மார்ச்சில் முடிவாகும். பேறுகால மரணம் பதிவான தீவுகளின் பெயர்கள்தான் பட்டியலில் வரும். பூஜ்யம் என்றால் பட்டியலிலேயே இல்லை.

உடனே பதில் போடு.

ஷிதா

*

பங்கூலான்
செப்டம்பர் 10, 2006

அன்புள்ள ஷிதாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். இந்த மாதம் பாசி முழுக்க வெளுப்பு நோய். நுனி வெளுத்து ஒடிந்து விழுகிறது. அண்ணன் பாதிக் கயிறுகளை அறுத்துவிட்டான். பக்கத்து வீட்டுக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. நோன்பு வரப் போகிறது. இராப்பட்டினி கிடந்து படிக்காதே. விடியுமுன் ஸஹருக்கு எழுந்து ஏதாவது சாப்பிடு.

படிவங்களைப் பற்றி உனக்கு என்ன கவலை? நீ படி.

மைதா

*

சம்போவாங்கா
செப்டம்பர் 28, 2006

அக்காவுக்கு,

ஸலாம். நோன்பு ஐந்தாம் நாள். நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அது எங்கே பிறந்தது என்று தேடிப்போவது எங்களுக்கு ஒரு பாடம். எல்லோரும் சுலபமான எண்களை எடுத்தார்கள். நான் பங்கூலானின் பூஜ்யத்தை எடுத்தேன். மாவட்ட அலுவலகத்தில் பழைய மாதப் படிவங்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். 2005 ஏப்ரல். பிரசவம் நான்கு. பேறுகால மரணம் பூஜ்யம். அதன் கீழே, சுகாதாரப் பணியாளர் என்ற இடத்தில், உன் கையெழுத்து.

அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு படகில் போனது நீதான். திரும்பி வந்து அவளைக் குளிப்பாட்டியவளும் நீதான். அதே கையால் அந்த மாதக் கடைசியில் எப்படி அதை எழுதினாய்?

ஷிதா

*

பங்கூலான்
நவம்பர் 5, 2006

ஷிதாவுக்கு,

ஸலாம். பெருநாள் முடிந்தது. உனக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நான் ஒன்று என்று எழுதினேன். முதலில் அதைத் தெரிந்துகொள். 2005 ஏப்ரலில் ஒன்று என்றுதான் எழுதினேன். மாவட்ட நர்ஸ் படிவத்தைத் திருப்பி அனுப்பினாள். நானே நேரில் போனேன். "தாள் எங்க?" என்றாள். இறப்புச் சான்று. ஆஸ்பத்திரி போய்ச் சேராதவளுக்கு எந்த ஆஸ்பத்திரி தாள் கொடுக்கும்? உயிர் போனதும் உந்தோங் படகைத் திருப்பிவிட்டான். எல்லாப் படகோட்டியும் அப்படித்தான் செய்வான். பிணத்தோடு நகரத்துக்குப் போனால் அங்கே குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுவார்கள். அன்றைக்கே அடக்கம் செய்ய முடியாது. "அப்ப ஊர்த் தலைவர் சாட்சிக் கையெழுத்து வாங்கிட்டு வா" என்றாள். வாங்கப் போனேன்.

ஹாஜி பஸீரன் என்னைத் திண்டாட விட்டார். "எங்க செத்தா?" என்றார். "இரட்டைப் பாறை தாண்டி." "அது என் ஊரா?" "இல்ல, கடல்." "கடலுக்கு நானா தலைவர்? கடல்ல நடந்ததுக்கு என் ஊரு பேரைக் கெடுக்கணுமா?" பழைய விருதுப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். திரும்பி வந்து பூஜ்யம் எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மார்ச்சில் கிழக்குக் கரை ரம்லா போனாள். மூன்றாவது பிரசவம். அதே வாரம் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்ற உன் கடிதம் வந்தது. நான் தலைவரிடம் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான். "படிவத்தை எழுதிட்டியா? எழுதி எடுத்துட்டு வா, ரெண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்." எடுத்துக்கொண்டு போனேன். ரம்லாவுக்குப் பூஜ்யம். உனக்கு முத்திரை.

எப்படி எழுதினாய் என்று கேட்கிறாய். உன் வகுப்பில் கை தட்டினார்களே, அதில் ஒருவராவது எங்கள் படகில் ஏறியிருக்கிறார்களா? டாக்டர் இல்லாத ஊரில் பூஜ்யம் எப்படி என்று யோசிக்கச் சொன்னாரே உன் பேராசிரியர், அவர் யோசித்தாரா?

மைதா

*

சம்போவாங்கா
நவம்பர் 14, 2006

அக்காவுக்கு,

ஸலாம். கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் கோபம் போகவில்லை. உட்கார இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேனே, அது ரம்லாவின் இடம் என்று இப்போது தெரிகிறது. காலையில் வகுப்பில் உட்காரவே முடியவில்லை.

டிசம்பரில் எங்களை ஒரு மாதம் தீவுகளுக்கு அனுப்புகிறார்கள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, முடிவை முதலில் அந்த ஊர்க் கூட்டத்தில் படித்துக்காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கல்லூரியில். சொந்த ஊருக்கு யாரையும் விடமாட்டார்கள். பங்கூலானுக்கு ஜெஸ்ரலின் குழு வருகிறது. அவனிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் அடிபடுவது நீதான். உன் வேலை போகும். தலைவரின் ஒப்புதலை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அதனால் என் இடமும் போகலாம். என் இடத்தைப் பற்றி நானே முடிவு செய்வேன். உன் வேலையைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும்.

நீ வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன். இது கோபத்தில் சொல்வதில்லை.

ஷிதா

*

பங்கூலான்
டிசம்பர் 21, 2006

அன்புள்ள ஷிதாவுக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, தொண்டைதான் கட்டியிருக்கிறது. பேசிப் பேசி.

உன் ஜெஸ்ரல் நல்ல பையன். பலகைப் பாலத்தில் இரண்டு முறை விழுந்தான், காகிதத்தை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். நூற்றுப் பத்து வீடு போனார்கள். நான் கூடவே போனேன், வாயைத் திறக்காமல். மினங் வீட்டில் நடந்ததைக் கேள். அவள் மூத்த மருமகள் நான்கு வருடம் முன்பு பிரசவத்தில் போனாளே.

"அஞ்சாறு வருஷத்துல இந்த வீட்டுல யாராவது இறந்தாங்களாம்மா?"

"இல்ல தம்பி."

"பிரசவத்துல?"

"இந்த வீட்டுல யாரும் சாகல. கோழிதான் ரெண்டு செத்துச்சு. அதையும் எழுதிக்கறியா?"

பத்து நாள் முடிவில் அவனுடைய காகிதத்திலும் பூஜ்யம்தான். மினங் பொய் சொல்லவில்லை. அவள் மருமகள் அந்த வீட்டில் சாகவில்லையே. அவன் சந்தோஷமாக, "அக்கா, உங்க ஊரு நிஜமாவே அதிசயம்" என்றான். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணெதிரே செத்தவர்கள் கணக்கில் இல்லாமல் போவதற்கு நான் மட்டும்தான் காரணம் என்று இருந்தேன். எல்லோரும் சேர்ந்துதான் செய்கிறோம்.

அவனைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனேன். "வீட்டுல கேக்காத. இவங்களைக் கேளு" என்றேன். என்ன கேட்க என்றான். "பொம்பளைய ஏத்திட்டுப் போய் எத்தனை படகு பாதியில திரும்புச்சுன்னு கேளு."

படகோட்டிகள் ஆறு பேர். யாரும் மறக்கவில்லை. எந்த வருடம், எந்தக் காற்று, எந்தப் பாறைக்கு அருகில் திருப்பினோம் என்பதுவரை சொன்னார்கள். உந்தோங் மட்டும் மூன்று. மொத்தம் ஒன்பது. ஆறு வருடத்தில் ஒன்பது. ஜெஸ்ரல் எல்லாவற்றையும் எழுதி ஆறு பேரிடமும் கைநாட்டு வாங்கினான்.

நேற்று ஊர்க் கூட்டம். அவன் எண்ணை மட்டும் படித்தான். தலைவர், "இதெல்லாம் யாரு சொன்னது? நம்ம சுகாதாரப் படிவத்துல அப்படி இல்லையே" என்றார். நான் எழுந்து, "படிவத்தை எழுதினது நான். அது பொய்" என்றேன். ஒன்பது பெயரையும் வாசித்தேன். மர்வினா பெயர் வந்தபோது அண்ணன் வெளியே போய்விட்டான். ரம்லா பெயரோடு எதற்காகப் பூஜ்யம் எழுதினேன் என்பதையும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

மைதா

*

சம்போவாங்கா
ஜனவரி 15, 2007

மைதா அக்காவுக்கு,

ஸலாம். உன் தொண்டை சரியாகிவிட்டதா?

நீ சொன்னது நல்லது. நானே சொல்லியிருக்க வேண்டியது.

ஜெஸ்ரலும் நானும் பேராசிரியரும் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். ஒன்பது பெயர், ஒன்பது நாள், ஆறு படகோட்டிகளின் கைநாட்டு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சான்று எத்தனைக்கு இருக்கு?"

"ஒண்ணுக்கும் இல்ல."

"அப்ப இது புள்ளிவிவரம் இல்லம்மா. வதந்தி."

"புதைச்ச இடத்தைக் காட்டறோம்."

"எதுல செத்தாங்கன்னு மண்ணு சொல்லுமா? நீங்கதான் படிச்சவங்களாச்சே, கொஞ்சம் யோசிங்க."

வகுப்பில் அன்று கை தட்ட வைத்ததற்குப் பேராசிரியர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். படிகளில் இறங்கும்போது. யாரும் பார்க்காத இடத்தில். அதுவும் எனக்குக் கோபம்தான். மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? செத்ததற்கு ஆஸ்பத்திரி சாட்சி வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல்தான் சாகிறார்கள். சாட்சி இல்லாவிட்டால் சாவு இல்லை, சாவு இல்லாவிட்டால் நிலையம் இல்லை, நிலையம் இல்லாததால் மறுபடி சாவு. இந்த வட்டத்தை வரைந்தவர்களும் என்னைப் போல இதைப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தான்.

ஹாஜி பஸீரன் கல்லூரிக்கு எழுதியிருக்கிறார். ஊருக்கு அவப்பெயர் தேடித்தந்த பெண்ணுக்குக் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறாராம். மார்ச் 31க்குள் புது ஒப்புதல் இல்லையென்றால் என் இடம் இல்லை. நீ அவரிடம் போய் நிற்காதே. அதை மட்டும் செய்யாதே.

ஷிதா

*

பங்கூலான்
பிப்ரவரி 4, 2007

அன்புள்ள ஷிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணனும் நானும் உடம்பளவில் சுகம்.

செவ்வாய்க்கிழமை மினங்கின் இளைய மகள் நுரைசாவுக்குப் பிரசவம். பத்தொன்பது வயது. ஆண் குழந்தை, நன்றாக அழுதது. இவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. முற்பகலில் உந்தோங் படகில் ஏற்றினோம். நான், மினங், நுரைசாவின் கணவன். இரட்டைப் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் கை என் கையில் தளர்ந்தது. உந்தோங் என் முகத்தைப் பார்த்தான், இயந்திரத்தைத் தணித்தான், சுக்கானைத் திருப்பத் தொடங்கினான். அவனைக் குறை சொல்ல முடியாது, கை தானாகத் திரும்புகிறது.

மினங்தான், "திருப்பாத" என்றாள்.

"சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள அடக்கம் பண்ணணும் அக்கா."

"எனக்குத் தெரியும். நேரா போ."

"அங்க பெட்டியில வெச்சுடுவாங்க. நாளைக்குத்தான் கொடுப்பாங்க."

"வெக்கட்டும். மருமக போனப்ப திருப்பச் சொன்னவ நான்தான். அவ இருந்தான்னும் எவனும் எழுதல, போனான்னும் எவனும் எழுதல. இவளையாவது எழுதட்டும்."

அவள் மருமகன் அழுதுகொண்டே தலையை ஆட்டினான். உந்தோங் நேரே போனான். இன்னும் ஒன்றரை மணி நேரக் கடல். நான் அவள் முகத்தில் வெயில் படாமல் என் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர், பரிசோதித்துவிட்டுப் பேறுகால இரத்தப்போக்கு என்று எழுதினார். அதற்கடுத்து ஒரு குமாஸ்தா. "இறந்த இடம்?" என்றான். இரட்டைப் பாறை என்றேன். "அது எந்த ஊருல சேரும்? பேசாம கடல்னு போட்டு முடிச்சுடவா?"

மினங் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "கடல்லயா அவ குடியிருந்தா? அவளுக்குப் புருஷன் இருக்கான், வீடு இருக்கு, காலையில பொறந்த புள்ள இருக்கு. பங்கூலான்னு போடு."

"இப்படித்தாம்மா எழுதணும்னு விதி..."

"போடு. போடற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் டாக்டரே வந்து, இறந்த இடத்துக்குக் கீழே வசிப்பிடம் என்று இருந்த கட்டத்தைக் காட்டி, மாவட்டம் பார்ப்பது இதைத்தான் என்றார். அதில் அவர் கையாலேயே பங்கூலான் என்று எழுதினார்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் அடக்கம். ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. ஓர் இரவு முழுக்க அந்தப் பெண் அந்நியர்களுக்கு நடுவில் குளிரில் கிடந்தாள், அதற்கு நான் ஆரம்பித்த பேச்சுதான் காரணம் என்கிறார்கள். அது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. மினங் மட்டும் தினமும் வந்து குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள்.

பிப்ரவரியிலிருந்து சுகாதாரப் பணியாளர் பட்டியலில் என் பெயர் இல்லை. தலைவர் எடுத்துவிட்டார். ஆனால் ஜனவரிப் படிவம் என்னுடையது. எழுதி, நானே எடுத்துக்கொண்டு போனேன். மாவட்ட நர்ஸ் பார்த்தாள்.

"ஒண்ணா?"

"ஒண்ணு."

"தாள்?"

கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு பெரிய பதிவேட்டைத் திறந்து, நம் ஊருக்கு நேரே எழுதினாள். நிலையத்துக்கான பட்டியலில் இனி நம் பெயர் வரும் என்று அவளே சொன்னாள். கிடைக்குமா என்று அவளுக்குத் தெரியாது.

உன் ஒப்புதலுக்கு நான் தலைவரிடம் போகவில்லை. ஊர் என்றால் அவர் மட்டும்தானா, மினங்கும் படகோட்டிகளும் கைநாட்டு வைத்தால் ஆகாதா என்று கல்லூரியில் கேள். எழுத்திலே கேள், எழுத்திலே பதில் வாங்கு.

மார்ச் தேர்வுக்கு வெறும் வயிற்றோடு போகாதே.

மைதா